இங்கிலீஷ் வார்த்தையும் நம்ம சேமிப்பும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"சேமிப்பைப் பாதுகாப்போம்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னாங்க. பொங்கல் சமயத்தில் நம்ம ஊருக்கு வந்த நோட்டீஸை எல்லாரும் பார்த்திருப்பீங்க. குழுப் பணத்தை மொத்தமாகப் போட்டால் மாசாமாசம் வருமானம் என்று அதில் இருந்தது. விவரமெல்லாம் பொடி எழுத்து. பெரிய எழுத்தில் இருந்ததெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதின இங்கிலீஷ் வார்த்தைகள். வரும் பொதுக்குழுவில் இந்தப் பேச்சு வரப்போகிறது. அதனால் அந்த வார்த்தைகளைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். என் மகளோட அகராதியை வைத்துத்தான் பார்த்தேன்.

"ப்ராஃபிட்டபிள்" என்றால் லாபகரமானது, செலவு போக மிச்சம் நிற்பது. இது நல்ல வார்த்தை, கணக்குப் பார்க்கச் சொல்லுது. "லூக்ரேட்டிவ்" என்றால் பணம் கொழிப்பது. யாருக்குக் கொழிக்கும் என்று அந்த வார்த்தை சொல்லாது. "அஷ்யூர்டு", "கியாரண்டீட்" என்றால் உறுதியானது. யார் உறுதி கொடுக்கிறாங்க என்று நாமதான் கேட்கணும். "புளூ சிப்" என்றால் பெரிய, நம்பகமான கம்பெனிப் பங்கு. இந்த வார்த்தை சீட்டாட்ட மேஜையிலிருந்து வந்ததாம். பணத்துக்குப் பதிலாக வைக்கிற வில்லைகளில் நீல வில்லைக்கு மதிப்பு அதிகம். "கில்ட் எட்ஜ்டு" என்றால் தங்க முலாம் பூசிய ஓரம். அரசாங்கக் கடன் பத்திரம் போல ரொம்ப நம்பகமானதை அப்படிச் சொல்வாங்க. ஆனா தி.நகர் ரங்கநாதன் தெருவில் கில்ட்டு என்று கேட்டால் என்ன நகை எடுத்துக் காட்டுவாங்க? உங்களுக்கே தெரியும்!

வார்த்தையை நம்பி ஏமாந்தது நம்ம மாதிரி கிராமத்து ஜனங்க மட்டுமில்லை. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று வெள்ளைக்காரர் நடத்திய பெரிய நிறுவனம் இருந்தது. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் எல்லாம் அதில் பணம் போட்டாங்க. 1906 அக்டோபரில் திவாலானது. அதை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி அய்யர் முன்னின்று முயற்சி எடுத்ததில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

அதே மயிலாப்பூரில் 1872-ல் தொடங்கியது இந்து பெர்மனென்ட் ஃபண்ட். பெர்மனென்ட் என்றால் நிரந்தரம். தலைமுறை தலைமுறையாக, ஓய்வூதியப் பணத்தைக்கூட அதில் போட்டிருந்தாங்க. 150 வருஷம் கடந்த பிறகு, முதிர்வுத் தொகை திரும்ப வரவில்லை என்று முதலீட்டாளர்கள் புகார் கொடுத்தாங்க. 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. பெயரில் நிரந்தரம் இருந்தால் மட்டும் போதாது என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

ஆருத்ரா கோல்டு விஷயமும் டி.வி.யில் பார்த்திருப்பீங்க. லட்ச ரூபாய்க்கு மாசம் 30,000 வரை தருவதாகச் சொன்னாங்க. சுமார் ஒரு லட்சம் பேர், ஏறக்குறைய 2,438 கோடி ரூபாய் கட்டினாங்க. 2022-ல் போலீஸ் சோதனை வந்தது. கணக்குப் போடுங்க அக்கா. மாசம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3,60,000. எந்த வியாபாரத்தில் லட்ச ரூபாய்க்கு அவ்வளவு நிற்கும்? புதுசா சேருகிறவங்க பணத்தை எடுத்து முன்னாடி சேர்ந்தவங்களுக்குக் கொடுத்தால்தான் முடியும். ஆள் சேருவது நின்றால் பணமும் நின்றுவிடும்.

நம்ம உள்கடனுக்கு நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. அந்த ஒரு ரூபாய் எங்கேயிருந்து வருது என்று நமக்குத் தெரியும். ஒருத்தர் ஆடு வாங்கினாங்க, ஒருத்தர் தையல் மெஷின் வாங்கினாங்க, உழைத்துக் கட்டுறாங்க. எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கு.

அதனால் யார் நோட்டீஸ் கொண்டுவந்தாலும் நாலு கேள்வி கேட்போம். ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கா? வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருது? நடுவில் கேட்டால் பணம் கிடைக்குமா? நஷ்டமானால் யார் பொறுப்பு? வங்கி என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசல், வட்டி சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அஞ்சலகச் சேமிப்புக்கு அரசாங்கமே பொறுப்பு. மற்ற இடத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பணம் போனால் புகார் கொடுக்க 1997-லேயே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. ஆனால் வழக்கு முடிந்து பணம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் நம்ம பிள்ளை கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே போவோம்?

பொதுக்குழுவில் என் ஓட்டு, குழுப் பணம் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும் என்பதுதான். வேறு கருத்து உள்ள சகோதரிகள் அந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வாங்க, உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.