முகத்துக்குக் களிம்பு: ஏரிக்கரைக் குப்பங்களில் செய்து பார்த்த சோதனை

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் மகளிர் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் இரண்டு குழுவினர் ஒரு கோரிக்கையை முன்வைத்தார்கள். முகத்துக்குப் பூசும் களிம்பை இவ்வூரிலேயே தயாரித்து விற்க விரும்புவதாகவும், அதற்குக் கடன் உதவியும் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையும் வேண்டுமென்றும் கேட்டார்கள். அறை கொடுப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. கடனுக்குப் பரிந்துரை எழுதுவது என் பொறுப்பு. யாரும் பதில் சொல்லுவதற்கு முன்பு, அந்தக் களிம்பு நம் முகத்துக்கு ஆகுமா என்று பார்த்துவிடுவோம் என்று அன்று கேட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டோம். கண்டதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

குடிநீரையும் சாலையையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் முகப்பூச்சைப் பற்றிப் பேசுவதா என்று ஆண்கள் சிலர் தமக்குள் சிரித்துக்கொள்வதைக் காண்கிறேன். அவர்கள் ஒரு நாள் காலையில் ஏரிக்குப் போய், கையால் இறால் பொறுக்கும் பெண்களைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். இரு கைகளும் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். முகம் உப்புநீருக்கு ஒரு சாண் மேலே இருக்கும். வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, நீரில் பட்டுத் திரும்பிக் கீழிருந்தும் அடிக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 15 சதவீதத்தை உலர்ந்த கடற்கரை மணலும், 25 சதவீதத்தைக் கடல் நுரையும் திருப்பி அனுப்புகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உப்பு காய்ந்து கன்னத்தில் வெள்ளையாய்ப் படிகிறது, தோல் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் மறுநாள் மீண்டும் உப்புநீர் புகுந்து எரிகிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது என்று பெருமையாகச் சொல்லுகிறோம். அந்த ஏரியில் இறங்கிப் பிழைக்கும் பெண்களின் முகத்தைப் பற்றிப் பேசுவதை வீண் பேச்சென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தோலின் சுபாவத்தைச் சொல்லுகிறேன். விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே சர்வே எண்ணில் மேட்டுப் பகுதியும் பள்ளப் பகுதியும் இருப்பதில்லையா? மேடு காய்ந்து கிடக்கும். பள்ளத்தில் நீர் தேங்கும். பலருடைய முகமும் அப்படிப்பட்டதே. நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. கன்னங்களில் அவ்வளவு இல்லை. ஆகவே ஒரே முகத்தில் மூக்கு எண்ணெய் வடிந்தும், கன்னம் வறண்டு செதிலாடியும் காணப்படுகின்றன. இதையே கலப்புச் சருமம் என்கிறார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் கட்டினால் ஏதாவது ஒன்று கெடும். களிம்பிலும் அதே கதைதான்.

முன் காலத்தவர்கள் இதை அறியாதவர்களல்லர். மெழுகு, எண்ணெய், பன்னீர் சேர்த்துச் செய்யும் 'கோல்டு கிரீம்' என்ற எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் வாழ்ந்த காலென் என்ற வைத்தியர் பெயரால் வழங்கி வருகிறது. நீர் மிகுந்து, பூசியவுடன் மறைந்துபோகும் 'ஸ்நோ' என்ற வகை மிகப் பிற்காலத்தது. 1919-ல் பம்பாயில் பாட்டன்வாலா என்பவர் வெளியிட்ட 'ஆப்கன் ஸ்நோ' நம் நாட்டில் பெயர் பெற்றது. வீட்டில் பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வறண்ட தோலுக்கு முன்னது, எண்ணெய் வழியும் தோலுக்குப் பின்னது என்று அக்காலத்துக் கடைக்காரரே பிரித்துக் கொடுப்பார். இன்று எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்று விளம்பரம் சொல்லுகிறது.

இனி நம் சோதனைக்கு வருகிறேன். மூன்று பண்டங்களை எடுத்துக்கொண்டோம். ஒன்று, சோற்றுக்கற்றாழையின் உள்ளே இருக்கும் சோறு. மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, மஞ்சள் நிறப் பால் முழுவதும் வடிந்தபின் கழுவி எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும். இரண்டு, தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்த களிம்பு. எடையில் மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு. தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது உறைவதே அபூர்வம் என்பதால் மெழுகு அவசியமாகிறது. வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் இரண்டையும் உருக்கி, ஒரு சொட்டு நீரும் படாமல் டப்பாவில் ஊற்றினோம். மூன்று, நீரும் எண்ணெயும் கலந்து வெண்ணெய் போலத் திரட்டிய கிரீம். குழுவினர் செய்து விற்க விரும்பியது இந்த மூன்றாவதையே.

வயலில் புதிய உரத்தை எப்படிச் சோதிக்கிறோம்? பாதிக்கு இட்டு, பாதிக்கு இடாமல், அருகருகே வைத்துப் பார்க்கிறோம். அவ்வாறே ஒரு கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் மற்றொன்று. டப்பாக்களின்மேல் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதினோம்; பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாம் வாரத்தில் கன்னங்களை மாற்றிக்கொண்டோம். முறை வைத்துப் பாடு மாறி மீன் பிடிக்கும் ஊராருக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. முகத்துக்குப் போகுமுன் எல்லாரும் முழங்கையின் உள்மடிப்பில் சில நாட்கள் தடவிப் பார்த்தார்கள். அங்கேயே ஓரிருவருக்குத் தடிப்பு எழுந்தது, அவர்களை நிறுத்திவிட்டோம். நானும் என் முகத்தைக் கொடுத்தேன்.

மெழுகுக் களிம்பு கன்னத்து வெடிப்பை நன்றாக ஆற்றியது. உதட்டோரத்திலும் நலம் தெரிந்தது. ஆனால் அதையே நெற்றியிலும் மூக்கிலும் பூசியவர்களுக்குச் சிறு பருக்கள் கிளம்பின, எனக்கும் கிளம்பின. தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கும் இயல்புடையது என்று தோல் வைத்தியர்கள் சொல்வதை என் மூக்கிலேயே கண்டுகொண்டேன். கற்றாழைச் சோறு நெற்றிக்கு இதமாக இருந்தது. கன்னத்தில் மட்டும் பூசினால் சற்று நேரத்தில் காய்ந்து, தோல் முன்னைவிட இறுகியதுபோல் தோன்றியது. நீரைக் கொடுக்கும் பொருள் வேறு, கொடுத்த நீரை வெளியே விடாமல் மூடிக் காக்கும் பொருள் வேறு. ஆகவே ஈர முகத்தில் கற்றாழையை எங்கும் மெல்லியதாகத் தடவி, அதன்மேல் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் மட்டும் மெழுகுக் களிம்பைப் பட்டாணி அளவு தொட்டு வைத்தோம். கலப்புச் சருமத்துக்கு இந்த ஏற்பாடுதான் ஒத்துவந்தது.

அடிக்கடி சோப்புப் போட்டு முகம் கழுவும் பழக்கத்தைக் குறைத்தவர்களுக்கு இன்னும் விரைவில் குணம் தெரிந்தது. தோல் இயற்கையில் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது, சோப்பு காரமானது. நாளுக்கு நான்கு முறை காரத்தை ஏற்றிவிட்டுப் பிறகு களிம்பைத் தேடுவதில் பயனில்லை.

மூன்றாவது பண்டத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பார்க்க அழகாக இருந்தது, எல்லாருக்கும் பிடித்திருந்தது. பத்து நாளுக்குள் ஒரு டப்பாவின் மூடியோரத்தில் கரும்புள்ளி கண்டது. மற்றொன்று புளித்த வாடை வீசியது. நீர் உள்ள இடத்தில் பூசணமும் கிருமியும் வளரும். ஏரிக்கரைக் காற்றின் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். இயற்கைப் பொருள், ஆகவே கெடாது என்று ஒரு தங்கை வாதித்தார். இயற்கைப் பொருளைத்தான் கிருமி விரும்பித் தின்கிறது அம்மா! வைட்டமின் 'இ' குளிகையை உடைத்து ஊற்றினால் எண்ணெயில் காறல் வாடை ஏறுவது தாமதப்படும், பூசணம் நிற்காது. அதற்கென உள்ள பாதுகாப்புப் பொருளைச் சரியான அளவில் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தாலன்றி நீர்க் கிரீமை விற்பனைக்கு அனுப்ப இயலாது. இந்திய தர நிர்ணயப்படி சருமக் கிரீமில் ஒரு கிராமுக்கு 1,000 கிருமிகளுக்குமேல் இருக்கலாகாது. கண்ணால் பார்த்து இதை எண்ண முடியுமா?

ஒருவர் மணத்துக்காக எலுமிச்சைச் சாறு கலந்து பூசிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். சாறு பட்ட கோடுகள் கருத்துப்போய்விட்டன. எலுமிச்சையில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது. வெயிலில் உழைப்பவர்கள் முகத்தில் எலுமிச்சையைத் தொடவே வேண்டாம். எண்ணெயும் கற்றாழையும் வெயிலைத் தடுக்கும் என்றும் எண்ணாதீர்கள். அதற்கு நிழல் வேண்டும். நம் பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் எத்தனையோ அழகிய பெட்டிகள் பின்னுகிறார்கள். மோவாயில் கட்டும் கயிற்றோடு அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்று பின்னித் தரும்படி அவர்களைக் கேட்டிருக்கிறேன். பறியைக் கவ்வியிருக்கும்போது குடை பிடிக்கக் கை ஏது?

கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. என் மகள் கேட்பது இதையல்ல. முகம் வெளுக்கும் களிம்பு வேண்டுமென்கிறாள். சந்தையில் கிடைக்கிறது, மூன்று நாளில் வெளுக்கிறது" என்றார். அம்மா, அவ்வளவு விரைவில் வெளுத்தால் அஞ்ச வேண்டும். அத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே உடம்பில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். தயாரித்தவர் முகவரியும், சேர்மானமும், உரிம எண்ணும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள். மகளிடம் நான் வந்து பேசவும் தயார்.

உரிமம் என்றதும் நம் கோரிக்கைக்குத் திரும்புகிறேன். உங்கள் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் களிம்பு செய்துகொள்ள யாரும் தடை சொல்லவில்லை. விற்பதானால் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டமும், 2020-ல் வந்த அழகுப் பொருள் விதிகளும் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற வேண்டும். மெழுகுக் களிம்பாயினும் இதற்கு விலக்கில்லை. தயாரிப்பை மேற்பார்க்கத் தகுதி பெற்ற ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். பார்மசி டிப்ளமோ பெற்றவர், அல்லது வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இன்டர்மீடியட் தேறியவர், அல்லது அதற்கு ஈடானதென்று உரிம அதிகாரி ஏற்கும் தேர்வு தேறியவர் இதற்குப் போதும். குப்பங்களில் பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் தேர்வு ஏற்கப்படுமா என்பதை உரிம அலுவலகத்தில் எழுதிக் கேட்கப்போகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த வேறொரு வட்டாரத்தில் ஒரு குழுவினர், எவரும் சொல்லாத காரணத்தால், உரிமம் இல்லாமலே கடன் வாங்கி நீர்க் கிரீம் செய்து கடைகளுக்குக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் டப்பாக்கள் பூசணத்தோடு திரும்பி வந்தன. களிம்பு போயிற்று, தவணை போகவில்லை. காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்று அடைத்தார்கள். அந்தக் கடனுக்கான தாளில் என் கையெழுத்தும் இருந்தது. ஆகையால் இம்முறை என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீர்க் கிரீமுக்குப் பரிந்துரை எழுத மாட்டேன். மெழுகுக் களிம்புக்கு, இரண்டு குழுக்களும் தனித்தனியாக அலையாமல் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் பெயரில் ஒரே விண்ணப்பமாகக் கொடுத்து, உரிமம் கைக்கு வந்த பிறகு எழுதுவேன். அதுவரை அறையை ஒதுக்கி வைக்கலாமா என்பதைப் பஞ்சாயத்து இன்று தீர்மானிக்க வேண்டும்.

ஒரு செய்தி பாக்கி. சோதனை முடிந்தபின் மிஞ்சிய களிம்பைத் திருப்பித் தரும்படி கேட்டேன். யாரும் தரவில்லை. இறால் முள் குத்தி வெடித்த விரல்களுக்கும் குதிகாலுக்கும் பூசித் தீர்த்துவிட்டார்கள். வலைக்குப் போகும் ஆண்களும் உதட்டுக்கு எடுத்துக்கொண்டார்களாம். முகத்துக்கென்று தொடங்கிய பண்டத்துக்கு முதல் வாடிக்கை கையும் காலுமாக இருக்கும்போலத் தோன்றுகிறது. விண்ணப்பம் எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்வோம். புதிதாக உருக்கிய டப்பாக்கள் அந்த மேசைமேல் இருக்கின்றன. எடுத்துச் செல்பவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் காலையும் மாலையும் தடவிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ கண்டால் நிறுத்திவிட்டு, எந்த எண் டப்பா என்று கூட்டமைப்புக் கணக்கரிடம் சொல்லி எழுதி வையுங்கள்.