எல்லையில் பிறந்த நாளிதழ்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்குப் பத்திரிகையைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னைக் கூப்பிட்ட செயலாளர் அவர்கள், நான் காற்றாலையைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அந்தக் காற்றாலை வேலைதான் என்னை இந்த விஷயத்தில் கொண்டுபோய் விட்டது.

படிப்பை முடித்துச் சில வருஷம், ஆரல்வாய்மொழி பக்கத்தில் முப்பந்தலில் எனக்கு வேலை. நாகர்கோவிலில் ஒரு பெரியவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் அவர் காப்பியைத் தொடுவார். ஒருநாள் கையில் இருந்த தினமலரைக் காட்டி, "மக்களே, இது எங்க பொறந்தது தெரியுமா?" என்று கேட்டார். ஒருத்தனையே 'மக்களே' என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். "மதுரைங்களா ஐயா?" என்றேன். சிரித்தார். "திருவனந்தபுரம்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்ப் பேப்பர் கேரளத் தலைநகரில் எதற்காகப் பிறக்கணும்?

அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி என்று ஒரு ராஜ்யம் அமைந்தது. அதற்குத் திருவனந்தபுரம் தலைநகர். நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அதற்குள்தான் இருந்தன. தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். ஆனால் உத்தரவு போடுகிற இடம் திருவனந்தபுரம். இந்தப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கணும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர்.

நாகர்கோவில் பக்கத்துக்காரரான டி.வி.ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கினார். இணைப்புக் கோரிக்கைக்கு ஒரு குரல் வேண்டும் என்பதுதான் நோக்கம். குறை யாருக்குக் கேட்கணுமோ, அவர் வாசலிலேயே நின்று சொல்வது மாதிரி!

இதில் ஒரு இன்ஜினியரின் கணக்கும் உண்டு. அன்றைக்கு நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த பாதை 1979-இல்தான் திறந்தது. திருநெல்வேலிப் பாதை 1981-இல். சென்னையில் அச்சான பேப்பர் விடிகாலையில் நாகர்கோவிலுக்கு வர வழியே இல்லை. திருவனந்தபுரம் என்றால் சாலை வழியாக எழுபது கிலோமீட்டருக்குள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, ராத்திரியோடு ராத்திரியாக அச்சடித்து, விடிவதற்குள் வண்டி ஏற்றணும். நேற்று நடந்தது இன்றைக்கு வாசலில் கிடந்தால்தான் அது நாளிதழ். இல்லாவிட்டால் வரலாற்றுப் புத்தகம்.

போராட்டம் எளிதாக முடியவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி நம்மோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. கோரிக்கை ஜெயித்தது, ஆனால் ஜெயித்த அன்றைக்கே பேப்பர், கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது! வாசகர்களில் பெரும்பாலோர் ஒரு மாநிலம், அச்சகம் இன்னொரு மாநிலம். 1957-இல் தினமலர் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது. தன் வெற்றியாலேயே பிறந்த ஊரை விட்ட பத்திரிகை அது.

பிரான்சு எல்லையில் ஸ்திராஸ்பூர் நகரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தபோது, 1877-இல், ஜெர்மன் மொழியில் ஒரு நாளிதழ் தொடங்கினார்கள். 1918-இல் ஊர் பிரான்சுக்கு வந்தது, 1940-இல் ஜெர்மனி பிடித்தது, 1944-இல் மறுபடியும் பிரான்சு. பேப்பர் நகரவில்லை, எல்லைதான் அதன் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. பிரெஞ்சு மொழியில் அது இன்றும் வருகிறது.

பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். "ஐயா, ஒரு பக்கத்துக்காகவே தொடங்கின பேப்பர், மறுபக்கத்துக்காரங்க நியாயத்தை எழுதுமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதுறது கஷ்டம்தான் மக்களே. அங்கயும் நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க, இங்கயும் மலையாளம் பேசுறவங்க இருக்காங்க. ஆனா சண்டை முடிஞ்ச பிறகும் பேப்பர் வந்துதே, அதுலதான் சங்கதி இருக்கு. தண்ணி வரல, பஸ் வரல, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுதுன்னு தினமும் யாராவது எழுதணும்லா?" என்றார்.

போராட்டச் செய்தி ஐந்து வருஷம் ஓடும். தண்ணீர்ச் செய்தி ஐம்பது வருஷம் ஓடும். பத்திரிகையின் நிரந்தர வேலை அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

"இதெல்லாம் குமரிக் கதை, நம்ம காஞ்சிபுரத்துக்கு என்ன?" என்று கேட்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு நாம் போகிற திருத்தணி, 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்த ஊர். அதை மீட்கப் போராடிய ம.பொ.சி. அவர்கள், பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்து வேலை பார்த்தவர். நம் ஊர்ப் பிள்ளை அண்ணா 1942-இல் 'திராவிட நாடு' வார இதழை நடத்தத் தொடங்கியதும் இதே காஞ்சியில்தான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். கோர்வைப் புடவை உங்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், தனித்தனி நாடா. இரண்டும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு இழையும் கோத்துக்கொள்ளணும். அதற்கு ஒரு ஆள் கூடுதலாக உட்காரணும், நேரமும் அதிகம். ஆனால் உடல் நைந்தாலும் கரை பிரியாது என்பார்கள். எல்லை ஊரில் ஒரு நாளிதழ் செய்கிற வேலை அந்தக் கோர்வை வேலைதான்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்தவர். காலையில் ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். நாலு வீட்டுத் தறியில் கேட்கும். சந்தேகம் வந்தால் அங்கேயே வாதம் நடக்கும். இப்போது அந்தத் திண்ணையும் இல்லை, படிக்கிறவரும் இல்லை. எல்லார் கையிலும் போன். போன வருஷம் என் சித்தப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்தது. நெசவாளர் உதவிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று. நம்பிவிட்டார். நாள் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எழுதினது யார் என்று கேட்க முடியவில்லை. பெயர் இல்லை, முகவரி இல்லை. பேப்பரில் தப்பு வந்தால் வாசலில் போய் நின்று "ஏன்யா இப்படிப் போட்டே?" என்று கேட்கலாம். போனில் வந்ததை யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் நம் சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நெசவாளர் தெருக்களில் நாலு இடம் பார்த்து, தினமும் இரண்டு நாளிதழ் போடுவோம். ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாத இரண்டாக இருக்கட்டும். அப்போதுதான் வாதம் நடக்கும். நம் ஊர் ஏரி, தறிக் கூலி, பஸ் வசதி பற்றித் தெரிந்த விஷயத்தை நாமும் பெயர், முகவரி போட்டு ஆசிரியருக்குக் கடிதமாக எழுதுவோம். முதல் வருஷச் சந்தாவை நான் கட்டுகிறேன். இரண்டாம் வருஷத்துக்கு யார் என்பதை, மேடையை விட்டு இறங்கியதும் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்பேன்.