சாவி யார் கையில்?

(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'தனிமனித அந்தரங்கமும் நாட்டின் பாதுகாப்பும்'. இது வழக்கறிஞர்களும் காவல்துறை அதிகாரிகளும் பேச வேண்டிய பொருளாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். நம் ஒவ்வொருவர் பள்ளியிலும் என்னென்ன தகவல்கள் இருக்கின்றன என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாதி, பெற்றோரின் தொழில், வருமானம், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண், இரத்த வகை, உடற்குறை இருந்தால் அதன் விவரம் என்று எல்லாமே இருக்கின்றன. ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் அலுவலகம் ஊரில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். எனவே இது நம்முடைய பொருளும்தான்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் வந்து நிற்கும். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? அரசாங்கம் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே!" ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் இதையே சொல்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரு கேள்விதான். நாமெல்லாம் தேர்தல் பணிக்குப் போகிறவர்கள். வாக்குச்சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி அட்டை மறைப்பு வைக்கிறோம். சன்னல் வழியாக யாரும் பார்க்க முடியாதபடி இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். வாக்களிக்க வருகிறவர் தப்பு செய்யப் போகிறார் என்பதற்காகவா அந்த மறைப்பு? இல்லை. யாருக்கும் அஞ்சாமல் அவர் தன் மனம்போல் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக. அந்த மறைப்பை வைப்பதும் அரசுதான். அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தன்னைத் தானே கட்டுப்படுத்திக் கொள்வதும் அரசுதான். அந்தரங்கம் என்பதன் பொருள் இதில் முழுமையாக அடங்கியிருக்கிறது. குற்றத்தை ஒளித்து வைக்கும் இடமாக அதைப் பார்க்கக் கூடாது. பயமில்லாமல் யோசிக்க மனிதனுக்குத் தேவைப்படும் இடம் அது.

சரி, அப்படியானால் அரசு எதையுமே பார்க்கக் கூடாதா? அதையும் நேர்மையாகப் பேச வேண்டும். 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, தீவிரவாதிகளுக்கும் எல்லைக்கு அப்பாலிருந்து அவர்களை இயக்கியவர்களுக்கும் நடந்த தொலைபேசிப் பேச்சை நம் அமைப்புகள் இடைமறித்துக் கேட்டன. பின்னர் நீதிமன்றத்தில் அது முக்கியமான சான்றாக நின்றது. கடத்தப்பட்ட ஒரு குழந்தையைக் கைப்பேசிக் கோபுரத்தின் தகவலை வைத்து மீட்டால், 'அந்தரங்கம் பறிபோயிற்று' என்று யாரும் வருந்த மாட்டார்கள். ஆகவே அரசு பார்க்கலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் அந்தக் கேள்வி அரைகுறையானது. எப்போது பார்க்கலாம், யாருடைய ஆணையின் பேரில், எவ்வளவு நாள், பார்த்த பிறகு அதைச் சரிபார்ப்பவர் யார் என்று கேட்பதுதான் சரி.

இந்தக் கேள்விகளை நம் நாட்டின் நீதிமன்றங்கள் படிப்படியாகக் கேட்டு வந்திருக்கின்றன. சமூக அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் கதையாகவே சொல்லக்கூடிய வரலாறு இது.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சான்று இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் காவல்துறை அவர் பெயரில் ஒரு வரலாற்றேடு திறந்து கண்காணித்தது. நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்று 1962இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் என்பது நம் அரசியலமைப்பு உறுதியளிக்கும் உரிமை அல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் அதே தீர்ப்பில் சொன்னார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு அது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1994இல் நம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்கு போனது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கு அது. தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அது 21ஆவது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நேரத்தில், பொது ஆவணங்களில் இருப்பதை எழுத இதழுக்கு உரிமை உண்டு என்றும், அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது என்றும் சொன்னது.

1996 டிசம்பரில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு, எந்த நடைமுறையும் இல்லாமல் ஒட்டுக்கேட்பு நடந்து வந்த காலம். பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால் மட்டுமே கேட்கலாம். உள்துறைச் செயலாளர் நிலையில் உள்ளவர் ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதத்துக்குத்தான், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு குழு அதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது.

இறுதியாக, 2017 ஆகஸ்ட் 24. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 1962இல் சிறுபான்மைக் குரலாக ஒலித்த கருத்து 55 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டின் சட்டமாயிற்று. அந்த உரிமைக்கு எல்லை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அரசு அதில் நுழையும்போது கேட்க வேண்டிய கேள்விகளைத் தந்தார்கள். நான் வகுப்பில் அவற்றை நான்காகச் சொல்வேன்.

ஒன்று, இதற்குச் சட்டம் இருக்கிறதா? இரண்டு, நோக்கம் நியாயமானதா? மூன்று, நோக்கத்துக்குத் தேவையான அளவுதானா, கொசுவை அடிக்க உலக்கையா? நான்கு, தவறாகப் பயன்படாமல் தடுக்க ஏற்பாடு உண்டா?

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. குற்றம் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது. பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டது. லஞ்சம் குற்றம்தான். ஆனால் குற்றத்தைப் பிடிக்கிறவரும் சட்டத்தின் வழியே போக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதுவரை சொன்னது தொலைபேசிக் காலம். இப்போது சிக்கல் வேறு உருவம் எடுத்திருக்கிறது. அன்று கம்பியில் போன பேச்சைத்தான் கேட்க முடிந்தது. இன்று ஒருவரின் கைப்பேசிக்குள் அவருடைய படங்கள், மருத்துவச் சீட்டுகள், பணப் பரிமாற்றம், போன இடங்கள், நள்ளிரவில் தேடிய கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு, கணினித் தகவல்களை இடைமறிக்கவும், பூட்டிய தகவலைத் திறந்து தரச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தை ஒதுக்கி உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது.

பூட்டிய தகவலைத் திறப்பது என்றால் என்ன? அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். சுட்டவரிடம் இருந்த ஐபோன் பூட்டியிருந்தது. தவறான கடவு எண்ணைப் பத்து முறை போட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் வாய்ப்பு இருந்தது. அந்தப் பாதுகாப்பை நீக்கும் ஒரு மென்பொருளை எழுதித் தரும்படி எஃப்.பி.ஐ. கேட்டது, நீதிமன்றமும் ஆணையிட்டது. ஆப்பிள் நிறுவனம் மறுத்தது. 'இறந்தவர்களுக்கு நீதி வேண்டாமா' என்பது ஒரு பக்கத்துக் கேள்வி. 'ஒரு போனுக்காகச் செய்த சாவி எல்லாப் போனுக்கும் சாவியாகிவிடாதா' என்பது மறு பக்கத்துக் கேள்வி. கடைசியில் வேறொருவர் உதவியோடு போனைத் திறந்துவிட்டதாகச் சொல்லி, 2016 மார்ச்சில் எஃப்.பி.ஐ. வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கேள்வி தீரவில்லை, வழக்குதான் முடிந்தது.

நம் நாட்டிலும் அதே கேள்வி இருக்கிறது. வதந்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறிந்து சொல்லும் வசதி பெரிய செய்திச் சேவைகளில் இருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட நாட்டில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பூட்டைப் பலவீனப்படுத்தினால், அரசு நுழையும் அதே ஓட்டை வழியாகத் திருடனும் அயல்நாட்டு உளவாளியும் நுழைய முடியும். ஆகவே வலுவான பூட்டும் நாட்டுப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். மின் நிலையம், வங்கி, இராணுவம் எல்லாமே அந்தப் பூட்டை நம்பித்தான் இயங்குகின்றன.

என் கருத்தைக் கேட்டால், நம்முடைய ஏற்பாட்டில் நான்காவது கேள்விக்கான விடைதான் மெலிந்திருக்கிறது. ஆணையிடுபவர் அரசு அதிகாரி. மறு ஆய்வு செய்பவர்களும் அரசு அதிகாரிகளே. விடைத்தாள் எழுதியவரே திருத்துவது போன்ற நிலை இது. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்ட ஆணையை ஒரு நீதித்துறை ஆணையரும் ஏற்க வேண்டும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. நம் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல தொடக்கம்தான். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக, அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. விலக்கு தேவைப்படலாம். அந்த விலக்கைப் பயன்படுத்துவதை யார் மேற்பார்வையிடுவது என்ற கேள்வியைக் குடிமக்களாகிய நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். அரசு, அரசு என்று இவ்வளவு நேரம் வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலப் பேசினோம். ஒரு பிள்ளையின் பார்வையில் அரசு யார்? நாம்தான். அந்த நான்கு கேள்விகளும் நமக்கும் பொருந்தும்.

பள்ளிக்கு ஒரு தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் இன்ன மாணவியின் முகவரியும் அப்பா எண்ணும் வேண்டும், அவசரம்." என்ன செய்வீர்கள்? அதிகாரக் குரலைக் கேட்டதும் பதிவேட்டைத் திறப்பதுதான் பழக்கம். பேசுகிறவர் காவலராக இருக்கலாம். அந்தப் பெண்ணைப் பின்தொடரும் ஒருவனாகவும் இருக்கலாம். பணிவாகச் சொல்லுங்கள்: "கட்டாயம் உதவுகிறோம் சார். எழுத்து மூலம் கேளுங்கள், தலைமையாசிரியர் தருவார்." ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறக் காவல் நிலைய அதிகாரிக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் வழி இருக்கிறது. உண்மையிலேயே அவசரமென்றால், நிலையத்தின் எண்ணை நாமே தேடி எடுத்து, திரும்ப அழைத்து உறுதி செய்துகொள்ளலாம். இது ஒத்துழைக்க மறுப்பதாகாது. சரியான ஆளுக்குத்தான் கொடுக்கிறோம் என்று உறுதி செய்துகொள்வது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொல்லி, "யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்" என்று அழுதால், அந்தரங்கம் என்று சொல்லி மூடி வைக்க முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் அதே சட்டம் அந்தக் குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளிவரக் கூடாது என்றும் தடுக்கிறது. தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரியக் கூடாது. பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சட்டமே சான்று.

அன்றாடப் பணியிலும் சிலவற்றைக் கவனிக்கலாம். ஆதார் இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எமிஸ் பதிவுக்காக வாங்கும் சான்றிதழ்களின் படங்களை நம் சொந்தக் கைப்பேசியில் விட்டு வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். மதிப்பெண் பட்டியலையும் உதவித்தொகைப் பட்டியலையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போடாமல், அந்தந்தப் பெற்றோருக்குத் தனியே அனுப்பலாம். சாதி விவரம் உள்ள தாளை மாணவர் கையில் கொடுத்து அடுத்த வகுப்புக்கு அனுப்பாதிருக்கலாம். கடவுச்சொல்லை அலுவலகச் சுவரில் ஒட்டாதிருக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாய்ப்புக் கிடைக்கும்போது ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கரக் சிங் கதையைச் சொல்லுங்கள். வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைக் காவல்துறையாகவும், ஒரு குழுவைக் கரக் சிங்காகவும், ஒரு குழுவை நீதிபதிகளாகவும் பேச விடுங்கள். பிறகு சான் பெர்னார்டினோ போனைக் கொடுத்து, மறுபடியும் அந்த நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் பரவாயில்லை. காரணம் கேட்கவும் காரணம் சொல்லவும் அவர்கள் பழகினால் போதும். நாளை அவர்களில் ஒருவர் காவல்துறை அதிகாரியாக ஆணை கேட்டு நிற்பார், ஒருவர் செயலாளராகக் கையெழுத்திடுவார், மற்றவர்கள் குடிமக்களாக இருப்பார்கள். மூவருக்குமே இந்த நான்கு கேள்விகள் தெரிந்திருக்க வேண்டும்.