தெரியாத பார்சலைத் தூக்காதே
(கொட்டாஞ்சேனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் கடத்தினாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 2022இல் ஐஸுக்கும் 5 கிராம் என்று எல்லை வைத்தார்கள். 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் தீர்ப்புப் பெற்றவனின் ஆயுள் சிறையிலேயே கழிகிறது.

வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலைக்கு நின்ற என் பழைய மாணவன் சொன்னான்: "சேர், ஒரு பார்சல கொட்டாஞ்சேனையில குடுத்தா ஒரு மாசச் சம்பளம் தர்றேன்னாங்க." நல்லவேளை, மறுத்துவிட்டான். தூக்கியிருந்தால் அவன் உள்ளே, அனுப்பியவன் வெளியே.

விற்பவனை விடச் சொல்லவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரனைப் பிடியுங்கள் என்கிறோம். தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பும்போதே இதைச் சொல்லி அனுப்புங்கள். பிடிபட்டால் அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள். சட்டத்தரணி இல்லாமல் நம் பிள்ளை நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது.