உச்ச நேர மின் தேவையும் மின் சிக்கனமும்: கேரளம் தரும் பாடம்

(திருவனந்தபுரத்தில் பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடியிருக்கும் இந்நகரில் பவர் ஹவுஸ் சாலை என்று ஒரு சாலை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1929-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இந்நகருக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிய காலத்தில், மின்சாரம் பிறக்கும் இடமும் அது பயன்படும் இடமும் கூப்பிடு தொலைவில் இருந்தன. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அந்நிலை மாறிற்று. மலையில் விழும் நீர் சமவெளியில் விளக்காக எரியலாயிற்று. இன்று கேரளம் பயன்படுத்தும் மின்சாரத்தின் பெரும்பகுதி மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. 2019-இல் நிறைவெய்திய இடமண்-கொச்சி 400 கிலோவோல்ட் தடம் கூடங்குளத்து மின்சாரத்தைக் கொண்டு வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து திருச்சூர் வரை 2,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின் தடமும் அமைந்துவிட்டது.

ஆகவே, மின்சாரத்தைக் கொண்டு வருவதற்கு வழி உண்டு. எந்த வேளையில், என்ன விலைக்கு என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி.

இம்மாநிலத்தின் மின் நுகர்வில் ஏறத்தாழப் பாதி வீடுகளுக்குரியது. தமிழ்நாட்டில் பகலில் ஆலைகளும் பம்பு செட்டுகளும் மின்சாரத்தை இழுக்கின்றன. அதனால் அங்கு இரவுக்கும் பகலுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு ஓரளவு சமன்படுகிறது. கேரளத்தில் அந்தப் பகல் சுமை குறைவு. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கோடி வீடுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் விளக்கேற்றுகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காகவே நிலையங்கள், தடங்கள், மின்மாற்றிகள் ஆகிய அனைத்தையும் பெரிதாக அமைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மாலை வேளையைத் தாங்குவது இடுக்கி. 1976 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டத்தின் திறன், இரண்டாம் கட்டமும் நிறைவெய்திய பின்னர், 780 மெகாவாட் ஆயிற்று. மூலமற்றத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நிலையத்தில், ஏறத்தாழ 660 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. இந்த உயரத்தைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு கன மீட்டர் நீர் அங்கே ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் தருகிறது. அதாவது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 680 லிட்டர் நீர் வேண்டும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று மாலையில் நான்கு மணி நேரம் எரிந்தால் 160 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் செலவாகிறது. அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 25 லிட்டர் போதும். குடிநீருக்கு வரிசையில் நிற்கும் வீட்டுக்காரருக்கும் இக்கணக்கு புரியும் என்பது என் அனுபவம். கிலோவாட் மணி என்றால் புரிவதில்லை.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் கண்டிருக்கிறது. 1970-களில் அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்ற மாநிலம், 1983-ஆம் ஆண்டு வறட்சியில் மின்வெட்டை ஏற்க நேர்ந்தது. அதே ஆண்டில்தான் 120 மெகாவாட் திறனுக்கென வகுக்கப்பட்டிருந்த அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டம் கைவிடப்பட்டது. இம்முடிவு சரியா, தவறா என்ற வாதம் நீண்டகாலம் நடந்தது. காட்டை அழித்தால் மீளாது என்ற தரப்பே சரி என்பது என் கருத்து. எனினும், மறு தரப்பினர் எழுப்பிய கேள்வி நியாயமானது: அந்த 120 மெகாவாட்டுக்கு மாற்று என்ன? 1990-களின் இறுதியில் காயங்குளத்தில் நாப்தாவால் இயங்கும் நிலையம் அமைக்கப்பட்டது. எரிபொருளின் விலை காரணமாக அதன் மின்சாரம் கட்டுப்படியாகாமல் போயிற்று. ஒரு கோடி வீடுகளில் வீட்டுக்கு 12 வாட் குறைந்தால் 120 மெகாவாட் கிடைக்கும் என்ற எளிய பெருக்கல் அக்காலத்தில் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. அன்று வீடுகளும் அத்தனை இல்லை, மலிவான மாற்று விளக்கும் இல்லை.

வழியில் கரையும் மின்சாரம்

சேமிப்பின் பயனைக் கணக்கிடும்போது பெரும்பாலும் விட்டுவிடப்படும் பகுதி ஒன்று உண்டு. அது கம்பிகளில் நேரும் இழப்பு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்தில் செலுத்தத்திலும் வழங்கலிலும் ஏறத்தாழ 30 சதவிகித மின்சாரம் இழக்கப்பட்டது. இன்று அது சுமார் 10 சதவிகிதம். இது சிறிய சாதனை அன்று. ஆனால் 10 சதவிகிதம் என்பது ஆண்டுச் சராசரி. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதை மாணவர்கள் முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். ஆகவே, நண்பகலில் நேரும் இழப்பும் இரவு பத்து மணிக்கு நேரும் இழப்பும் ஒன்றல்ல. சராசரி என்னும் எண் இரவின் உண்மையை மறைத்துவிடுகிறது. உச்ச நேரத்தில் ஒரு வீட்டில் சேமிக்கப்படும் ஒரு வாட், நிலையத்தில் ஒரு வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்துவது இதனால்தான்.

கேரளத்தின் குடியமைப்பும் இதில் சேர்ந்து கொள்கிறது. இங்கு ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு, அதற்கப்பால் மற்றொன்று என்று பரவிக் கிடப்பதால், மின்மாற்றியிலிருந்து தாழ்வழுத்தக் கம்பிகள் நெடுந்தூரம் செல்கின்றன. கடைசி வீட்டில் மாலையில் குழல் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரியாமலே நின்ற காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இதற்குப் பரிகாரம் தெரிந்ததே. ஒரே அளவு மின்சாரத்தை 415 வோல்ட்டில் அனுப்புவதைவிட 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 26-இல் ஒரு பங்காகிறது. உயர் அழுத்தத் தடத்தை வீடுகளுக்கு அருகே வரை நீட்டி, ஒரு பெரிய மின்மாற்றிக்குப் பதிலாகப் பல சிறிய மின்மாற்றிகளை வைப்பதே வழி. தென்னை மட்டை விழுந்து கம்பி அறுபடும் இடங்களில் உறையிட்ட கம்பிகளை முறுக்கிக் கட்டும் முறையும் பயன் தருகிறது. செலவு மிகுதி என்பது உண்மை. அச்செலவு கணக்கேட்டில் உடனே தெரிகிறது, இழப்பு தெரிவதில்லை.

2024-ஆம் ஆண்டுக் கோடை

விளக்குகளைப் பொறுத்தவரை நாம் பெரும்பாலும் வென்றுவிட்டோம். 2010-இல் குண்டு பல்புகளைப் பெற்றுக்கொண்டு சி.எஃப்.எல். விளக்குகள் வழங்கப்பட்டன. பின்னர் 'ஃபிலமென்ட் இல்லாக் கேரளம்' திட்டத்தின் கீழ் எல்.இ.டி. விளக்குகள் மின் கட்டணத்தோடு தவணையில் வசூலிக்கும் முறையில் அளிக்கப்பட்டன. ஆனால், வென்ற இடத்திலிருந்து சுமை வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. 2024 ஏப்ரல், மே மாதங்களின் வெப்பத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. அதுவும் விளக்கேற்றும் வேளையில் அன்று. படுக்கைக்குச் செல்லும் வேளையில். குளிர்சாதனங்களே இதற்கு முதற்காரணம். வீட்டில் மின்னேற்றப்படும் வாகனங்களும் சேர்ந்தன. மின்மாற்றிகள் பல சுமை தாங்காது பழுதுற்றன. பாலக்காடு போன்ற பகுதிகளில் வட்டார அளவில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் அமைந்துவிட்டனவே, அவை உதவாவா என்று கேட்கலாம். பகலில் உதவும். பகலில் இடுக்கியின் நீரை நிறுத்திவைக்க இடமளிக்கும். இரவு பதினோரு மணிக்கு அவற்றிலிருந்து ஒன்றும் வராது. இதற்காகவே காசர்கோடு மாவட்டத்து மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனுடன் நான்கு மணி நேரம் மின்சாரம் தரத்தக்க மின்கலத் தொகுதி திட்டமிடப்பட்டது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குப் பகலில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் கட்டணம் விதிக்கும் முறையும் வந்துள்ளது. இவை இரண்டும் வரவேற்கத்தக்கன.

எனினும், நான் வலியுறுத்த விரும்புவது இவற்றைவிடச் சாதாரணமான ஒன்று: மின்விசிறி. பழைய கூரை விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை மோட்டார் பொருத்திய விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். வீட்டுக்கு ஒரு விசிறியை மாற்றினால் ஒரு கோடி வீடுகளுக்கு 450 மெகாவாட். எல்லா வீட்டிலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று பொறியாளர்கள் மறுப்புரைப்பார்கள். விளக்கைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஏப்ரல் மாத இரவில் எந்த வீட்டில் விசிறி நிற்கும்? பாதியே கிடைத்தாலும் 225 மெகாவாட். கைவிடப்பட்ட அந்தப் பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

பிறகு ஏன் நடக்கவில்லை? புதிய விசிறியின் விலை கூடுதல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிஞ்சும். ஆனால் குறைந்த நுகர்வுள்ள ஏழைக் குடும்பம் சலுகைக் கட்டணத்தில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் ரூபாய் சொற்பம். அதே இரவில் மின் வழங்கும் நிறுவனமோ, சந்தையில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்ற உச்சவரம்பு விலையைக் கொடுத்து வாங்கும் நாள்கள் உண்டு. விசிறியை வாங்க வேண்டியவர் ஒருவர், பெரும் பயன் அடைபவர் மற்றொருவர். நட்சத்திரக் குறியீடும் விளம்பரமும் இந்த இடைவெளியை நிரப்பா. பயன் அடையும் நிறுவனமே முதலீடு செய்து, விளக்குகளுக்குச் செய்ததைப் போல், பழைய விசிறியைப் பெற்றுக்கொண்டு புதியதைத் தவணையில் தர வேண்டும். சலுகைக் கட்டணக் குடும்பங்களுக்கு முதலில். மின்கலத் தொகுதிக்குக் கடன் திரட்ட முடியுமானால் இதற்கும் திரட்ட முடியும் என்றே நினைக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தெருவிலுள்ள ஒரு மின்மாற்றியைத் தேர்ந்தெடுத்து, உரிய அனுமதியும் அலுவலர் துணையும் பெற்று, மாலை ஏழு, ஒன்பது, பதினொரு மணிகளில் அதன் சுமையையும் கடைசி வீட்டில் உள்ள மின்னழுத்தத்தையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். அந்தத் தெருவில் பழைய விசிறிகள் எத்தனை என்றும் எண்ணுங்கள். இவ்விரு எண்களும் கையில் இருந்தால், வந்திருக்கும் அலுவலர்களுடன் நாம் அடுத்த முறை பேச வேண்டியது திட்ட மதிப்பீட்டைப் பற்றியதாக இருக்கும்.