கணக்கை நாமே சரிபார்ப்போம்



கிராணி எழுதும் பால் கணக்கைத் தாமும் குறித்து வைத்த குடும்பம் எளிதில் ஏமாந்ததில்லை. 2009-இல் தொடங்கிய பிட்காயின் என்னும் மின்பணத்தின் பேரேட்டையும் நம் கணினியிலேயே நாம் சரிபார்க்கலாம். ஆனால் இதுவரை சேர்ந்த பதிவுகள் 600 கிகாபைட்டுக்கும் மேல். முதல் முறை அத்தனையையும் இறக்கிச் சோதிக்க நாட்கணக்கில் ஆகலாம்.

விரைவுபடுத்த வழி உண்டா? உண்டு. சுழலும் பழைய வட்டை விடுத்து, எஸ்.எஸ்.டி. வட்டில் பேரேட்டை வைப்போம். கணினியின் நினைவகம் 8 கிகாபைட் என்றால், பிட்காயின் கோர் நிரலில் ‘டிபி கேஷ்’ அளவை 4000 மெகாபைட்டாக உயர்த்துவோம். வட்டில் அடிக்கடி எழுதும் வேலை குறையும். சோதனை முடிந்ததும் பழைய அளவுக்கே திருப்பிவிடுவோம்.

யாரோ ஆயத்தமாகத் தரும் நகலை வாங்கிக்கொள்வது இன்னும் விரைவுதான். ஆனால், நாம் சோதிக்காத கணக்கு நம் கணக்காகுமா? காத்திருப்போம், சரிபார்ப்போம்.