பிற சமயத்தாரைப் பற்றிப் பேசுவதிலும் நீதி வேண்டும்

புகழனைத்தும் ஏகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

முதற்கண் எனக்கும் உங்களுக்கும் தக்வா எனும் இறையச்சத்தை வஸிய்யத் செய்கிறேன்.

தெளிவாக அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்றும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கின்றான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் கட்டளையிடுகின்றான். வேதக்காரர்களுடன் விவாதிக்க நேர்ந்தால் அழகிய முறையிலேயே விவாதிக்க வேண்டும் என்பது அல்அன்கபூத் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் தரும் பாடம்.

இக்கட்டளைகளைக் கொடுக்கல் வாங்கலிலும் சாட்சி சொல்வதிலும் பேணும் நாம், பிற சமயத்தாரின் வரலாற்றைப் பேசும்போது மறந்துவிடுகிறோம். செய்தி நம் தரப்புக்குச் சாதகமானது என்றால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே குறைந்துவிடுகிறது. இதற்குத் தெளிவான உதாரணம், கிறித்தவர்களின் நிசேயா சங்கத்தைப் பற்றி நம் மேடைகளில் உலவும் செய்திகள்.

நிசேயாவில் நடந்தது என்ன?

நிசேயா என்பது இன்று துருக்கியில் இஸ்னிக் என வழங்கும் ஊர். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், கி.பி. 324இல் தம் போட்டியாளரான லிசினியுஸை வென்று முழு ஆட்சியையும் கைக்கொண்டார். மறு ஆண்டே, அதாவது 325இல், பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் ஆயர்களை அவ்வூருக்கு வரவழைத்தார். அச்சங்கம் கூடி 2025ஆம் ஆண்டோடு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவுக்கும் அவருடைய ஆயர் அலெக்சாந்தருக்கும் இடையே மூண்ட சர்ச்சையே அங்கே பேசப்பட்ட முதன்மையான விவகாரம். மகன் ஆதியும் முடிவும் அற்றவர் அல்லர், தந்தையால் படைக்கப்பட்டவர் என்பது ஆரியுஸின் வாதம். சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் என்று விசுவாச அறிக்கை வெளியிட்டது. ஈஸ்டர் பண்டிகையின் நாள் குறித்தும் முடிவெடுத்தது. திருச்சபை ஒழுங்குக்காக 20 விதிகளையும் இயற்றியது. இறுதிவரை இசைய மறுத்த ஆயர்கள் இருவரே. இருவரும் லிபியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

முதல் தவறு: பைபிள் அங்கே தொகுக்கப்பட்டது என்பது

நூற்றுக்கணக்கான சுவிசேஷங்களைக் குவித்துவைத்து, நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த 20 விதிகளில் வேத நூல்களின் பட்டியல் இல்லை. சங்கத்திற்கு ஏறத்தாழ 145 ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 180 அளவில், இரேனேயுஸ் என்ற ஆயர் சுவிசேஷங்கள் நான்கே என்று வாதிட்டு எழுதியிருக்கிறார். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட அத்தனாசியுஸின் மடலோ 367இல் வந்தது. ஆக, அந்தப் பட்டியல் ஒரே நாளில் உருவானதன்று. பல தலைமுறைகளாகப் படிப்படியாக நிலைபெற்றது.

அப்படியானால் இக்கதை எங்கிருந்து வந்தது? 9ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூல், பலிபீடத்தருகே நூல்களை வைத்துப் பிரார்த்தித்தபோது போலியானவை தாமே கீழே போய்விட்டன என்று கதைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கேலியாக அதை எடுத்தாண்டு பரப்பினார். 2003இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் இதையொத்த கதையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. கிறித்தவரின் கட்டுக்கதையும் வால்டேரின் கேலியும் நாவலாசிரியரின் கற்பனையும் சேர்ந்த ஒன்றை நாம் மிம்பரில் ஆதாரமாக எடுத்துரைக்கலாமா?

இரண்டாம் தவறு: ஈஸா (அலை) அவர்களின் தெய்வீகம் அங்கேதான் கற்பிக்கப்பட்டது என்பது

நிசேயா அமைந்திருந்த பித்தினியா பகுதியை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர், கி.பி. 112 அளவில் பேரரசர் டிராஜானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறித்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமெனப் போற்றிப் பாடுகிறார்கள் என்று அதில் தெரிவித்தார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திரித்துவம் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தெர்த்துல்லியன் கையாண்டிருக்கிறார். நிசேயா அறிக்கையோ பரிசுத்த ஆவியைப் பெயரளவில் மட்டுமே குறிப்பிட்டது. அது பற்றிய விரிவான வாசகம் 381இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடையது.

அக்கொள்கை பழமையானது என்பதால் சரியானதாகிவிடாது. அதை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை. ஆயினும், பழமையானதைப் புதியது என்று சொல்வது பொய். பொய்யால் ஹக்கை நிலைநாட்ட முடியாது.

மூன்றாம் தவறு: ஆரியுஸ் தவ்ஹீத்வாதி என்பது

ஆரியுஸ் மகனைப் படைப்பு என்றார். அதே மூச்சில், அந்த மகன் உலகங்களுக்கெல்லாம் முன்பே இருந்தார் என்றும், அவர் மூலமாகவே ஏனைய யாவும் படைக்கப்பட்டன என்றும் போதித்தார். இது திருக்குர்ஆன் கூறும் தவ்ஹீத் ஆகுமா? ஒருவர் நம் எதிர்த்தரப்பாரை எதிர்த்தார் என்பதாலேயே அவர் நம்மவர் ஆகிவிடமாட்டார்.

நான்காம் தவறு: எல்லாம் பேரரசரின் ஆணைப்படி முடிந்தது என்பது

கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டியதும், இணங்காதவர்களை நாடு கடத்தியதும் உண்மையே. ஆனால் சில ஆண்டுகளிலேயே ஆரியுஸை அவர் திரும்ப அழைத்தார். நிசேயா கொள்கையின் காவலரான அத்தனாசியுஸை 335இல் நாடு கடத்தினார். 337இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாக நின்ற ஆயர். நிசேயாவின் விசுவாசத்தை அரச சமயமாக அறிவித்தவரும் அவரல்லர். அது 380இல் தியோதோசியுஸ் காலத்தில் நடந்தது.

சங்கத்திற்கு 2048 ஆயர்கள் வந்தனர், 318 பேரின் கருத்தை மட்டும் பேரரசர் திணித்தார் என்ற செய்தி நம் அரபு நூல்கள் சிலவற்றிலும் காணப்படுகிறது. அதன் மூலம் சயீத் இப்னு பத்ரீக் என்ற அலெக்சாந்திரியக் கிறித்தவத் தலைவரின் வரலாற்று நூல். அவர் 940இல் மறைந்தவர். சங்கத்தில் நேரில் கலந்துகொண்ட யூசேபியுஸோ 250க்கும் மேற்பட்டோர் என்றுதான் எழுதினார்.

பர்னபாஸ் சுவிசேஷம்

நிசேயாவில் தடை செய்யப்பட்ட உண்மையான இன்ஜீல் இதுவே என்று பலர் கூறுகின்றனர். இதன் இத்தாலியக் கையெழுத்துப் பிரதி வியன்னாவில் உள்ளது. அறிஞர்கள் அதை 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கணிக்கின்றனர். 1908இல் கெய்ரோவில் அரபு மொழிபெயர்ப்பு வெளிவந்த பின்னரே முஸ்லிம்களிடையே இது பரவியது. யூபிலி ஆண்டு நூறாண்டுக்கு ஒருமுறை வருவதாக இந்நூல் கூறுகிறது. தவ்ராத்தின் கணக்கு 50 ஆண்டு. நூறாண்டுக் கணக்கு, 1300ஆம் ஆண்டில் போப் எட்டாம் போனிபாஸ் அறிவித்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்நூலில் ஈஸா (அலை) அவர்கள், தாம் மஸீஹ் அல்லர் என்று மறுக்கிறார்கள். திருக்குர்ஆனோ அவர்களைப் பலமுறை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. நமக்குச் சாதகம் என்று எண்ணிக் கையிலெடுத்த நூல், நம் வேதத்திற்கே மாற்றமாகப் பேசுகிறதே! ஆராயாமல் ஏற்பதன் விபரீதம் இதுதான்.

அன்பர்களே!

அலெக்சாந்திரியா நூலகத்தை உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி எரித்தார்கள் என்ற அவதூறு கேட்டு நாம் கொதிக்கிறோம். அந்நகர் வெற்றிகொள்ளப்பட்டு 500 ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அக்கதை நூல்களில் தலைகாட்டுகிறது என்று நியாயம் கேட்கிறோம். அதே அளவுகோலை நாமும் ஏற்க வேண்டாமா? இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பீரூனி (ரஹ்) அவர்கள், இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் சொல்லும் விதமாகவே பதிவு செய்வதாகத் தம் நூலில் உறுதி கூறினார்கள். அதுவே நம் முன்னோரின் பண்பாடு.

அபிசீனியாவில் அடைக்கலம் தேடிய ஸஹாபாக்களை நினைத்துப் பாருங்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி உங்கள் கொள்கை என்ன என்று கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி கேட்டார். மழுப்பினால் அடைக்கலம் நிலைக்கலாம். உண்மை சொன்னால் மக்காவுக்கே திருப்பி அனுப்பப்படலாம். நடப்பது நடக்கட்டும், அல்லாஹ்வும் அவன் தூதரும் கூறியதையே கூறுவோம் என அவர்கள் முடிவு செய்தார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் அடியார், தூதர் என்று சபை நடுவே எடுத்துரைத்தார்கள். நம் கொள்கையைக் குறைக்கவும் இல்லை, அவர்கள் மீது கதை கட்டவும் இல்லை. அல்லாஹ் அந்த உண்மைக்கே வெற்றியளித்தான்.

திரித்துவத்தை நாம் மறுப்பதற்குத் திருக்குர்ஆனின் அந்நிஸா 171, அல்மாயிதா 73, இக்லாஸ் அத்தியாயம் ஆகியவை போதும். நிசேயாக் கதைகள் தேவையில்லை. நாம் சொன்ன ஒரு செய்தி பொய் என்று அண்டை வீட்டுக் கிறித்தவச் சகோதரர் கண்டுகொண்டால், அடுத்து நாம் சொல்லும் கலிமாவின் உண்மையையும் அவர் எப்படிச் செவிமடுப்பார்? கேட்டதையெல்லாம் ஒருவர் பரப்புவதே அவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஆகவே, ஒரு செய்தி வந்தால் அதன் மூலத்தைக் கேளுங்கள். பிற சமயத்தாரின் கொள்கையை அவர்களிடமே கேட்டறியுங்கள். தெரியாதபோது அல்லாஹு அஃலம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பொய்யிலிருந்து பாதுகாத்து, உண்மையை உண்மையாகவே எடுத்துரைக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.